எஞ்சின் துடைத்த காலை

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும் என்று கணவர் கோமதிநாயகம் மூன்றாவது தடவையாகச் சொன்னார். சங்கரவடிவு கேட்டுக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவளிடம், வருஷா வருஷம் கரும்பலகையில் பேட்டரி படம் போட்டு எந்த முனையில் என்ன நடக்கிறது என்று தொண்டை கட்டச் சொல்லிக்கொடுத்தவளிடம், ஒரு மனிதர் கார் ஷெட்டில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கறுப்பு வயரு, ஏளா, கறுப்பு" என்கிறார். சொல்லட்டும். பேச்சு ஒன்றுதான் அவருக்கு முழுசாகத் திரும்பியிருக்கிறது. பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் வலது கையும் வலது காலும் பேச்சும் சேர்ந்து போயின. பேச்சு மட்டும் மூன்றாம் மாதம் வந்தது. வந்ததும் முதல் வார்த்தையாக, "காப்பி ஆறிட்டு" என்றார். அதைக் கேட்டு அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். அந்த அழுகை சந்தோஷம்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒரு சுற்று சுற்றியதும் கவ்வு இளகியது. கறுப்பு வயரைத் தூக்கி, முனையில் பழைய சாக்ஸைச் சுற்றி, பேட்டரியைத் தொடாதபடி ஓரமாக மடக்கி வைத்தாள். "அது தானா வந்து ஒட்டிக்கிடாதுல்லா?" "ஒட்டாது." "நல்லாப் பாத்தியா?" "பாத்தாச்சு." மணி ஒன்பதே முக்கால். பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும். எங்கே, யாரிடம், என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மாவட்ட அலுவலகத்துக் கிளார்க் நேற்றுச் சாயங்காலம் போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "டீச்சர், நாளை மறுநாள் ஆயுத பூஜை, அப்புறம் லீவு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிருங்க. ரெண்டு தடவை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்க. இந்தத் தடவையும் குடுத்தீங்கன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் டீச்சர்தான், பாத்துக்கோங்க." மூன்றாம் தடவையாக வந்த பதவி உயர்வு, தலைமையாசிரியை. போடிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு அரசுப் பள்ளி. போனில் பள்ளியின் படத்தைப் பார்த்தாள், வாசலில் இரண்டு புங்க மரம், தலைமையாசிரியர் அறைக்குப் பச்சைக் கதவு. அந்தக் கதவைப் பெரிதாக்கிப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. ஐம்பத்து நான்கு வயசில் கதவைப் பார்த்து ஆசைப்படுகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பார்கள்.

"சூடு இருக்கா பாரு." ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின். நேற்றுச் சாயங்காலம் எதிர்வீட்டு அண்ணாச்சி, பேட்டரி செத்துவிடக் கூடாதென்று ஒரு சுற்று ஓட்டிக் கொண்டுவந்து விட்டதோடு சரி. இருந்தும் கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. "சூட்டுல தண்ணி பட்டா வெடிப்பு விடும். அவசரப்படக் கூடாது." அவர் அவசரப்படமாட்டார். எஞ்சின் விஷயத்தில் இந்த மனிதர் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்த காலத்தில் ஆபீஸ் போக அவசரப்படுவார், சாப்பாட்டுக்கு அவசரப்படுவார், கல்யாண வீட்டில் இலையை விட்டு எழ அவசரப்படுவார், அவளிடமும் எல்லாவற்றுக்கும் அவசரம்தான். வண்டியிடம் மட்டும் பொறுமை. அவள் பெயிண்ட் பிரஷ்ஷால் காய்ந்த வேப்பிலைகளைக் கூட்டினாள். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் ஒரு கூடை இலை இருக்கும். இலைக்கடியில் எலிப் புழுக்கை, ஒரு துண்டு ரொட்டி, எதிலிருந்தோ கடித்துக் கொண்டுவந்த பஞ்சு. எலி வந்து குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. போய்விட்டதா, உள்ளேதான் இருக்கிறதா. பிரஷ்ஷை நீட்டித் தட்டிப் பார்த்தாள். எலி என்றால் அவளுக்குப் பயம். அந்தப் பயத்தைவிட இன்னொரு பயம் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் எலி அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான். போகப் போவதை அவள் சொல்லி முடித்ததும் அவர் கேட்பார். என்னைய யாரு பாப்பா? கோபமாகக் கேட்டால் சமாளித்துவிடலாம். கோபத்துக்குப் பழகியவள். அழுதுகொண்டு கேட்டால்? ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், பேச்சு வராத வாயைக் கோணிக்கொண்டு, அவள் முந்தானை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு அழுதாரே, அப்படி அழுதால் பச்சைக் கதவும் கிடையாது, புங்க மரமும் கிடையாது. மூன்றாம் தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ராத்திரிக்குக் கோதுமை தோசை ஊற்றப் போய்விடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. அவருக்குத் தெரியாமல், இரண்டு வாரமாக, ஸ்டாஃப் ரூமிலிருந்தும் பஸ் ஸ்டாப்பிலிருந்தும் போன் பேசிப் பேசி. அவருடைய அக்கா உலகம்மாள், தென்காசியில் தனியாக இருப்பவர், வந்து தங்கச் சம்மதித்துவிட்டார். காலையில் குளிப்பாட்டி உடுத்திவிட ஒரு ஆள். வாரத்தில் மூன்று நாள் கை கால் பயிற்சிக்கு வருகிறவர் வழக்கம்போல் வருவார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை விடிய அவளும் வீட்டில் இருப்பாள். ஓசூரில் இருக்கும் மகள் தாரிணி, "அம்மா, இதுக்கு மேல நீ யோசிச்சின்னா நான் உன்கிட்ட பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்வது லேசு. கவர் எடுத்தியா என்றார். எடுத்தாள். ஜவுளிக்கடைக் கவர்கள், தீபாவளிக்குத் தீபாவளி சேர்த்து மடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வருஷம் ஒரு நாளுக்காக வைத்திருக்கிறார். ஆல்டர்னேட்டருக்கு ஒன்று. பியூஸ் பெட்டிக்கு ஒன்று. காற்று உள்ளே போகும் வாய்க்கு ஒன்று. பிளக் வயர்களின் மேல் பெரிதாக ஒன்று. பேட்டரிக்கு ஒன்று. ரப்பர் பேண்ட் போட்டு, தண்ணீர் ஒரு சொட்டு போகாதபடி. "இறுக்காத. மெதுவா. உள்ள வயரு நசுங்கும்." இன்னும் அங்கங்கே மூன்று. மொத்தம் எட்டுக் கவர். எண்ணிச் சொல்லச் சொன்னார். எட்டு என்று சொன்னாள். வருஷா வருஷம் இதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த விரல்கள் ஆல்டர்னேட்டரைப் பொத்திக் கவரைச் சுற்றும் பக்குவம். குழந்தையின் தலைக்குத் துணி கட்டுகிறவர் மாதிரி. ஒரு வருஷம் அவளுக்கு டெங்கு. ஒன்பது நாள் காய்ச்சல். எழுந்து நின்றால் கண் இருட்டும். அறை வாசலில் நின்று, உள்ளே வராமல், "மாத்திரை போட்டியா?" என்பார். போட்டேன் என்றால் போய்விடுவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கத் தெரியாத கை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். தெரிந்த கை. காய்ச்சலின் ஐந்தாம் நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது அதே கை ரேடியேட்டரைத் தடவிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தது.

சோப்புத் தண்ணீரைப் பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயரில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தாள். ஓஸ் பைப்பை எடுக்கக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. அதற்கு அவர் வைத்திருக்கும் கதை ஊருக்கே தெரியும். "அந்தப் பண்டாரவிளைக்காரன் பெட்ரோல் போட்டுத் தொடச்சிட்டு, காயதுக்கு முன்னாடி பானெட்டத் தெறந்து வச்சுச் சூடங் காட்டுனானே, மீசை போச்சு, புருவம் போச்சு." சொல்லிவிட்டு இந்த வருஷமும் சிரித்தார். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்தது, எச்சில் வழிந்தது. அவள் பிரஷ்ஷை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, வந்து அவர் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போனாள். இதுவும் பழகிவிட்டது. நாளைக்கு இதே எஞ்சின் மேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதெல்லாம் அவர்தான் செய்தார். அவள் தள்ளி நிற்பாள். வண்டி வாங்கிய முதல் வருஷம், இதே முந்தின நாள், ஆசையாக ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தவளை, "நீ இன்னைக்கு எத்தனாவது நாளு?" என்று கேட்டார். வாசலில், எதிர்வீட்டு அண்ணாச்சி நின்றுகொண்டிருக்கும்போது. மூன்றாம் நாள். துணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு ஒரு வாரம் முன்னாலேயே காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுவார். ஆயுத பூஜை மூன்று நாளும், கணக்கு எப்படி இருந்தாலும், அவள் வண்டிப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது என்று முடிந்தது. சமைத்ததைச் சாப்பிடலாம், எஞ்சினைத் தொடக் கூடாது. போன மாதம் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார். "இந்த வருசம் நீயே தொடச்சிரு. ஒனக்குத்தான் இப்பம் அதெல்லாம் நின்னுட்டே." பெருந்தன்மையாகச் சொன்னார். ஒரு பதவி உயர்வு கொடுக்கிற மாதிரி.

பல் விளக்கும் பழைய பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். கறுப்பாக வழிந்தது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு வருஷத்து இறுகல். வேலை மட்டும் பிடித்திருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. அழுக்குப் போன இடத்தில் உலோகம் வெள்ளையாகத் தெரியும்போது ஒரு நிம்மதி. இவ்வளவு நாளாக இது என்னவென்றே தெரியாமல்தானே இதன் பின் சீட்டில் உட்கார்ந்து போனோம். பின் சீட்டில்தான், முன் சீட்டில் அவர் அம்மா, அம்மா போன பிறகு மகள், மகள் போன பிறகு அவருடைய பை. ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தடவை கேட்டாள். "கிளட்ச் போயிரும்" என்றார். அவ்வளவுதான் பதில். ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் நனைந்துகொண்டு போவாள், ஷெட்டுக்குள் இது கவர் போர்த்திக்கொண்டு காய்ந்து நிற்கும். சகதி ஒட்டுமாம். முதல் பதவி உயர்வு வந்தபோது மகள் பத்தாம் வகுப்பு. "பிள்ளை படிப்பு?" என்றார். நியாயம். எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது வந்தபோது மாமியார் படுக்கை. "அம்மையை யாரு பாப்பா?" என்றார். அதுவும் நியாயம். அந்த வருஷம் அவளுக்குப் பதிலாகப் பதவி உயர்வில் போன புவியியல் டீச்சர், அவளைவிட நான்கு வருஷம் சின்னவள், போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு வரும் டீச்சர்" என்றாள். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நியாயங்கள் எல்லாம் அவர் பக்கமே வரிசையில் வந்து நின்றன. இந்தத் தடவையும் அவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதுவும் மற்ற இரண்டையும்விடப் பெரிய நியாயம். அவர் பாதி உடம்பே அந்த நியாயம். சொல்லாமலே இருந்துவிட்டால்? போனை எடுத்துக் கிளார்க்கிடம் மட்டும் வரேன் என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை கிளம்பப் பையைத் தூக்கும்போது இவரிடம் சொன்னால்? ச்சீ. திருடியா நான்.

ஈரத்துணியால் சோப்பைத் துடைத்தெடுத்தாள். தண்ணீரை ஊற்றாதே, துணியை நனைத்துப் பிழிந்து துடை. துடைத்தாள். பிறகு காய்ந்த வேட்டித் துண்டு. இடுக்குகளில் நிற்கும் தண்ணீரைச் சைக்கிள் பம்பால் ஊதித் தள்ள வேண்டும். அது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த முறை. ஒரு கையால் குழாயைப் பிடித்து ஒரு கையால் பம்பு அடிக்க முடியவில்லை. "இங்ஙன கொண்டா" என்றார். நாற்காலியை நெருக்கிப் போட்டதும் இடது கையால் குழாய் நுனியை அவர் பிடித்துக்கொண்டார். அவள் அடித்தாள். அந்தக் கை நடுங்காமல், எந்த இடுக்கில் சொட்டு நிற்கும் என்று தெரிந்து, ஒவ்வொன்றாகப் போய் நின்றது. முகம் ஒரு மாதிரி இளகி, பழைய கோமதிநாயகம் ஒரு நிமிஷம் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. பாவம் என்று இருந்தது. பாவம் என்று தோன்றியதுமே பச்சைக் கதவு சாத்திக்கொள்வது தெரிந்தது. இப்படித்தான் நடக்கும், இதைத்தான் பயந்தாள். இருபத்தேழு வருஷக் கசப்பை ஒரு நிமிஷத்து இளக்கம் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடும், அப்புறம் அவள் கையில் ஒன்றும் இருக்காது. மணி பதினொன்று இருபது.

கவர்களை எடுத்தாள். பேட்டரி, பியூஸ் பெட்டி, காற்று வாய், பிளக் வயர்கள். எண்ணியதில் ஏழுதான் இருந்தது. மறுபடி எண்ணினாள். ஏழு. "எட்டு போட்டோம்" என்றார். "தெரியும்." "ஒண்ணு உள்ள கெடந்தா பெல்ட்டு இழுத்துக்கிடும். சைலன்சர் சூட்டுல பட்டா உருகித் தீப் புடிக்கும். பாரு." குனிந்து பார்த்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு யோசனை வந்தது. வந்ததே தவிர அவள் கூப்பிடவில்லை. கிடக்கட்டும். ஏழையும் டப்பாவில் போட்டு எட்டும் இருக்கிறது என்று சொன்னால் போதும். நாளைக்குச் சந்தனப் பொட்டோடு, மாலையோடு, வண்டி எரிந்து போகட்டும். யாரும் உள்ளே இருக்க வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டாம், இது மட்டும். வாசலில் நின்று அவர் பார்க்க வேண்டும். அந்த முகத்தை அவள் பார்க்க வேண்டும். காது மடல் சுட்டது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இவ்வளவு இருக்கிறதா எனக்குள் என்று பயந்துபோனாள். எலியைவிட, அந்தக் கேள்வியைவிட, இந்தப் பயம் பெரிதாக இருந்தது. இன்னும் ஆறு வருஷம் இந்த வீட்டிலேயே டீச்சராக இருந்தால் இந்த யோசனை என்னவாக வளரும்? பேட்டரித் தட்டுக்குப் பின்னால், வயர்க் கட்டுக்கு இடையில், நீலமாக ஒரு முனை தெரிந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தாள். வந்துவிட்டது. "எட்டு" என்றாள். மற்ற ஏழோடு அதையும் டப்பாவில் போட்டு மூடினாள்.

கறுப்பு வயரை மாட்டி முடுக்கினாள். சாவியை நீட்டினார். "ஏறி ஸ்டார்ட் போடு. கியர் நியூட்ரல்ல கெடக்கா பாத்துட்டு. பத்து நிமிசம் ஓடட்டும், உள்ள ஈரம் இருந்தா காஞ்சிரும்." டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. ஸ்டீயரிங் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. சாவியைத் திருப்பினாள், ஒரு செருமல் செருமி எஞ்சின் பிடித்துக்கொண்டது. இறங்கி வந்தபோது அவர் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது. எஞ்சின் சத்தத்தோடு சத்தமாகச் சொன்னாள்.

"எச்.எம். போஸ்ட்டு வந்திருக்கு. போடி பக்கம். இந்தத் தடவை ஏத்துக்கிடுதேன்னு சொல்லப் போறேன். உலகம்மக்கா வந்து இருக்கேன்னுட்டாங்க. உங்களுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு. சனி, ஞாயிறு நான் இங்க வந்துருவேன்."

கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை நாற்காலிப் பிரம்பைப் போட்டு நெருடியது.

"எப்பம்?"

"பூசை முடிஞ்சு. புதன்கிழமை."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிடிக்க வந்தால் நுனி கையில் அகப்படக் கூடாது.

"அப்பம் வண்டிய யாரு பாப்பா?" என்றார்.

இரண்டு வாரமாக அவள் பதில் தயாரித்தது வேறு கேள்விக்கு. தூக்கம் வராமல் புரண்டு, வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. சிரிப்பு வரும் போலிருந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு கண்ணில் நீர் கட்டியிருந்தது. தன்னை யார் பார்ப்பார் என்றுதான் கேட்கிறாரோ என்னவோ. கேட்கத் தெரியாமல், வாய்க்குப் பழகிய வார்த்தையைப் போட்டுக் கேட்கிறாரோ. இருக்கும். நிச்சயம் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷமும் அவள் செய்த வேலையே அதுதான். காப்பி ஆறிவிட்டது என்றால் நீ இருக்கிறாயே என்று அர்த்தம், மாத்திரை போட்டியா என்றால் பயமாக இருக்கிறது என்று அர்த்தம், அவர் சொல்லாததையெல்லாம் அவளே சொல்லி, அவளே கேட்டு, அவளே மனம் குளிர்ந்து, அதில்தான் குடும்பம் நடந்தது. இப்போதும் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். அவள் எடுத்து வைக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"கவர் போட்டு மூடி வைக்கச் சொல்லுதேன்."

"கவரு கிழிஞ்சிருக்கு."

"புதுசு வாங்கிப் போடச் சொல்லுதேன்."

"வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணணும்."

"எதுத்த வீட்டு அண்ணாச்சிகிட்ட சொல்லியிருக்கேன்."

"எலி வரும்."

"பொகையில வாங்கி நாலு மூலைக்கும் போட்டுட்டுப் போவுதேன்."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். தெருவில் எவனோ பொரி கடலை விற்றுக்கொண்டு போனான்.

"வேற ஏதும் கேக்கணுமா?" என்றாள்.

நின்றாள். கிரீஸ் கையோடு, அவர் கண்ணுக்கு நேராக, நிஜமாகவே காத்து நின்றாள். அவர் வாய் ஒரு தடவை திறந்தது. இடது கை பிரம்பை விட்டு எழுந்து, பாதியில் நின்று, திரும்பப் போய்ப் பிரம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

பானெட்டைத் தாங்கியிருந்த கம்பியை எடுத்து மடக்கி, சத்தம் வராமல் மூடி அமுக்கினாள். சமையலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. மணி பதினொன்று ஐம்பது. போனை எடுத்து, அந்தக் கிளார்க்கின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.